மௌனத்திற்கு முகவரி இல்லை: மார்மன்களின் தியானம் குறித்துச் சில கேள்விகள்

எங்கள் வீட்டில் சாட்சி சொல்வது என்றால் எழுந்து நிற்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபைக்காரியான அம்மா, வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லும்போது வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். "உள்ளுக்குள்ள அனலா இருந்திச்சு. அப்பவே தெரிஞ்சு போச்சு" என்பார். என்ன தெரிந்துபோயிற்று என்று நான் கேட்டதில்லை. கேட்கிற வயது வந்தபோது சபையை விட்டு வந்தாயிற்று. தமிழ் எம்.ஏ., பிறகு மார்க்சியம், பெரியாரியம், பின்நவீனத்துவம் என்று ஒவ்வொரு திண்ணையிலும் கொஞ்சகாலம் உட்கார்ந்து எழுந்ததில் அம்மாவின் அந்தக் கை மறந்தே போனது. அதை எனக்கு ஞாபகப்படுத்தியவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மார்மன்கள்.

இங்கே எரிகிற பிரச்சினை ஆயிரம் கிடக்க, மார்மன்கள் கண்ணை மூடி உட்காருவதைப் பற்றி நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயம்தான். நான் தற்காலிக விரிவுரையாளராக இருந்த ஒரு தனியார் கல்லூரியில் மூன்று மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலைகளில் ஆசிரியர்களுக்கு மனஅமைதி வகுப்பு நடத்தினார்கள். மூச்சைக் கவனியுங்கள் என்றார் பயிற்சியாளர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயற்பியல் ஆசிரியர் என் காதோரம், "மூச்சு மட்டும்தான் சார் மிச்சம்" என்றார். அன்றிலிருந்து, யாராவது யாருக்காவது அமைதியைப் பரிந்துரைக்கும்போது அந்தப் பரிந்துரையின் நிறுவனப் பின்னணி என்ன என்று பார்க்கும் கெட்டபழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. மார்மன் பிரதிகளை நான் வாசிப்பதும் அந்தப் பழக்கத்தில்தான்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதுதான் முழுப்பெயர். 'மார்மன்' என்ற சுருக்கப்பெயர் வேண்டாம் என்று 2018இலிருந்து சபைத் தலைமை வலியுறுத்துகிறது. முழுப்பெயரையே எழுதிக்கொண்டிருந்தால் கட்டுரையில் பாதி அதுவாகவே போய்விடும் என்பதால் பழைய பெயரை வைத்துக்கொள்கிறேன்.)

அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த புத்தகம் 'த பவர் ஆஃப் ஸ்டில்னஸ்'. அசைவின்மையின் ஆற்றல் என்று சொல்லலாம். ஜேக்கப் ஹெஸ், கேரி ஸ்கார்டா, கைல் ஆண்டர்சன், டை மான்ஸ்ஃபீல்ட் என்று நான்கு பேர் சேர்ந்து எழுதி 2019இல் வந்தது. வெளியிட்ட டெசரட் புக் சபைக்கே சொந்தமான பதிப்பகம். இதை முதலில் கவனிக்க வேண்டும். 1966இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கப்பட்ட 'டயலாக்', எழுபதுகளில் தொடங்கிய 'சன்ஸ்டோன்' ஆகிய பத்திரிகைகளின் பக்கங்களில், சபையின் ஓரக்கண் பார்வைக்கு அஞ்சி அஞ்சிப் பேசப்பட்ட விஷயம் இது. மந்திர ஜபம் பற்றி ஒரு மார்மன் தன் அனுபவத்தை 2006இல் 'சன்ஸ்டோன்'இல் எழுதினார். இவை நம்முடையதைப் போன்ற சிறுபத்திரிகைகள்தான். நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் நடத்துபவை. அங்கிருந்த பேச்சு பதின்மூன்றே ஆண்டுகளில் சபையின் சொந்தக் கடைக்கு வந்துவிட்டது. ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும்போது எதை உதிர்த்துவிட்டு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

புத்தகம் யாரிடம் பேசுகிறது? களைத்துப்போன விசுவாசியிடம். இந்தக் களைப்பு கற்பனையல்ல. மார்மன் வட்டாரச் சபைகளில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. பிஷப் என்பவர் பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பார். ஞாயிறு வகுப்பு எடுப்பது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது, சபைக் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பது, எல்லாமே உறுப்பினர்களின் இலவச உழைப்பு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. இளைஞர்களுக்கு இரண்டு வருட ஊழியம். நாட்குறிப்பு எழுதவேண்டும், மூதாதையர் பெயர்களைத் தேடிப் பதியவேண்டும், இறந்தவர்களுக்காக ஆலயத்தில் சடங்கு செய்யவேண்டும். 1980இலிருந்து மூன்று மணி நேரமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை 2019 ஜனவரியில்தான் இரண்டு மணி நேரமாகக் குறைத்தார்கள். அதே வருடம்தான் இந்தப் புத்தகமும். அதே வருட இறுதியில்தான் சபையின் முதலீட்டு நிதி சுமார் பத்தாயிரம் கோடி டாலர் என்று உள்ளிருந்து ஒருவர் வெளிப்படுத்தியதாகச் செய்தி வந்தது. அந்த முதலீடுகளை மறைத்த விதத்துக்காக 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் மொத்தம் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. துடைப்பமும் இந்தத் தொகையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. அந்தக் கூரையின் கீழ் ஒருவர் களைத்திருக்கிறார் என்றால் அவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும்தான் தேவையா? இந்தக் கேள்வியை நான் இயற்பியல் ஆசிரியர் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தியானம் வெளியூர்ச் சரக்கல்ல, நம் வீட்டுப் பரணிலேயே இருந்ததுதான் என்பது இத்தகைய எழுத்துகளின் முக்கிய வாதம். அதில் உண்மை இருக்கிறது. 1951 முதல் 1970 வரை சபைத் தலைவராக இருந்த டேவிட் ஓ. மெக்கே, தியானத்தை இறைவனின் சந்நிதிக்குப் போகும் மிக அந்தரங்கமான வாசல் என்ற பொருளில் பேசியிருக்கிறார். நானே இன்னொன்றைச் சேர்ப்பேன். மார்மன்களுக்கு வாய்ப்பாடு ஜெபம் ஆகாது. மனதில் வருவதைச் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். வீண் வார்த்தைகளை அலப்பாதே என்ற விவிலியக் கட்டளை மார்மன் புஸ்தகத்திலும் இருக்கிறது. மந்திரம் என்றதும் அவர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கும் ஜெபத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லியாக வேண்டும். சொல்பவன் பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதுப் பையன். ஒரு சொல் தவறினால் பிஷப் சைகை காட்டுவார், மறுபடி முதலிலிருந்து. வியர்த்துக்கொண்டு மூன்றாவது தடவை சொல்லும் பையனும், அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் சபையும்: மந்திரம் வேறெப்படி இருக்கும்? ஆலயச் சடங்கும் அப்படித்தான். அதே சொற்கள், அதே அசைவுகள், வேறுவேறு இறந்தவர்களின் பெயரில், வாழ்நாள் முழுதும். ஆக, திரும்பத் திரும்பச் செய்வதில் மார்மனுக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறிடத்தில்.

அந்த இடம் நெஞ்சு.

1829 ஏப்ரலில், பென்சில்வேனியாவின் ஹார்மனி என்ற ஊரில், ஜோசப் ஸ்மித் தங்கத் தகடுகளிலிருந்து 'மொழிபெயர்த்து'ச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவர் ஆலிவர் கவுட்ரி என்ற பள்ளிக்கூட வாத்தியார். தானும் மொழிபெயர்க்க ஆசைப்பட்டார், முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்கு விளக்கமாக ஸ்மித் வழியே வந்த வெளிப்பாடு, 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற அவர்களுடைய வேதநூலில் ஒன்பதாம் பிரிவாக இருக்கிறது. முதலில் நீயே யோசி, பிறகு சரியா என்று கேள். சரியென்றால் உன் நெஞ்சு அனலாகும், தவறென்றால் மனம் மந்தித்துப்போகும் என்பது அதன் சாரம். தோற்றுப்போன ஒரு மொழிபெயர்ப்பாளனுக்குச் சொன்ன ஆறுதல், கோடிக்கும் மேற்பட்ட மனிதர்களின் அறிதல்முறையாக ஆகிவிட்டது. மார்மன் புஸ்தகம் உண்மையா என்று கேட்கும் இளைஞனிடம், படி, ஜெபி, நெஞ்சைப் பார் என்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று உறுப்பினர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்கிறார்கள். நம்புகிறேன் என்பதில்லை அங்கே உள்ள வினைச்சொல், அறிவேன் என்பது. சபை உண்மையானது என்று அறிவேன். தலைவர் தீர்க்கதரிசி என்று அறிவேன். மூன்று வயதுக் குழந்தையின் காதில் தாய் சொல்லிக்கொடுக்க, அது ஒலிபெருக்கியில் அறிவேன் என்கிறது.

அம்மாவின் கை எனக்கு ஞாபகம் வந்தது இங்கேதான்.

கொஞ்சம் விலகி ஒன்று சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பத்துநாள் விபாசனா முகாமில் இருந்தேன். பேச்சில்லை, புத்தகம் இல்லை, பேனாகூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு. நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுக்க உணர்ச்சிகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டு போகவேண்டும். முழங்கால் வலியைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். ஏழாம் நாள் மாலை, என் நெஞ்சு நடுவில் ஒரு சூடு. சின்ன வயதில் சபையில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வருமே, அதே சூடு, அதே இடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. விட்டு வந்த கடவுள் என்னைத் தேடி வந்துவிட்டார் என்றே ஒரு நிமிடம் நினைத்தேன். மறுநாள் மதியம் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். பெரியவர், ஓய்வுபெற்ற ஏதோ அதிகாரி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அது இப்ப இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அவ்வளவுதான். முழங்கால் வலி மாதிரி அதுவும் வந்துச்சு, போச்சு. இதுக்கு மட்டும் ஏன் பேரு வைக்கிறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்ன செய்யும் என்பது புரிந்தது.

பௌத்த மரபில் இரண்டு சொற்கள் உண்டு. சமதம், விபாசனை. மனதை ஒடுக்கி அமைதிப்படுத்துவது ஒன்று. தோன்றி மறைவதை ஊடுருவிப் பார்ப்பது மற்றொன்று. டெசரட் புக் புத்தகத்தின் தலைப்பைத் திரும்பப் பாருங்கள்: அசைவின்மை. தலைப்பு எடுத்துக்கொண்டது சமதத்தை. அமைதியோடு எந்தச் சபைக்கும் சண்டையில்லை. அமைதியான உறுப்பினர் அடுத்த வாரமும் துடைப்பத்தோடு வருவார். விபாசனையின் கண்ணோடு உபவாச ஞாயிற்றில் ஒருவர் எழுந்து நின்றால்தான் சிக்கல். நெஞ்சில் சூடு வந்தது, அது வந்து போயிற்று, அதன்மேல் நான் எந்தப் பெயரையும் எழுதவில்லை என்று அவர் சொன்னால், 'அறிவேன்' என்ற வினைச்சொல்லின் காலடியில் மண் சரிகிறது. அந்தச் சூடு பொய் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சான்றிதழாக்க மறுக்கிறார். மார்மன் வாழ்க்கைக்குள் கீழைத் தியானம் உண்மையில் மோதக்கூடிய புள்ளி இதுதான் என்று எனக்குப் படுகிறது. யோகாசனமோ மந்திரமோ பத்மாசனமோ பெரிய விஷயமில்லை.

இதற்கு ஒரு மார்மன் நண்பர் பதில் சொல்ல முடியும். ஒன்பதாம் பிரிவு ஒரு மனிதனுக்கு ஒரு வேலையைப் பற்றிச் சொன்னது, அதை எல்லோருக்கும் சட்டமாக்கியது பிற்காலத்தவர் தவறு. ஆவியின் சாட்சி உடல் உணர்ச்சியைவிட விரிவானது என்பார். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் யோசிப்பது அனல் வராதவர்களைப் பற்றி. ஊழியத்துக்குப் போய், முழங்கால் தேய ஜெபித்து, எதுவும் வராமல், வராததைத் தன் பாவம் என்று எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் முன்னால் 'அறிவேன்' என்று சொல்லிவிட்டு இரவில் விழித்துக்கிடக்கும் பத்தொன்பது வயதுப் பையன்கள் எந்தச் சாட்சிச் சபையிலும் இருப்பார்கள். நான் அப்படி ஒருவனாக இருந்தேன். அவர்களுக்குத் தியானம் தருவது அமைதிகூட அல்ல. எதுவும் உணராமல் உட்கார்ந்திருக்க ஓர் அனுமதி. அது சின்ன விஷயமில்லை. இந்த ஒன்றுக்காகவே, நான் மேலே கிண்டல் செய்த புத்தகத்தை யாராவது ஒரு பையனின் கையில் கொடுக்க நேர்ந்தால் கொடுத்துவிடுவேன்.

'கீழைத் தியானம்' என்று நானும் எழுதிக்கொண்டே போகிறேன். இந்தக் கிழக்கு எங்கே இருக்கிறது? நான் உட்கார்ந்த முகாமின் முறை கோயங்காவுடையது. மாண்டலேயில் பிறந்த வியாபாரி, ஒற்றைத் தலைவலிக்கு வழிதேடிப் போய் ரங்கூனில் ஊ பா கின்னிடம் கற்றவர். ஊ பா கின் சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயர். தன் அலுவலகத்திலேயே தியான அறை வைத்து ஊழியர்களை உட்காரவைத்தார். அதற்கும் முன்னால், பிரிட்டிஷ் ஆட்சியில் அரசனை இழந்த பர்மாவில், பௌத்தத்தைக் காப்பாற்றச் சாதாரண ஜனங்களும் தியானம் செய்யவேண்டும் என்று ஊர் ஊராகப் போனவர் லெடி சயடோ. ஆக, காலங்காலமாகக் குகையில் இருந்து வந்ததாக நாம் நினைக்கும் பயிற்சி, காலனியத்தின் நெருக்கடியிலும் கணக்காயர் அலுவலகத்திலும் உருவெடுத்தது. நம் பக்கத்தில் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்குப் பௌத்தம் முதன்மையாக வரலாற்றைத் திரும்பப் பெறுவது, சாதியை மறுப்பது. கண்ணை மூடுவது அதில் பிரதானமல்ல. யூட்டாவுக்குப் போகும் கப்பலில் அயோத்திதாசர் ஏற்றப்படவில்லை. அங்கே தேவைப்பட்டது வேறு. இன்னொரு வேடிக்கை: கோயம்புத்தூர்க்காரர் எஸ். பால் திருத்துவதாஸ் ஐம்பதுகளில் ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்து, சால்ட் லேக் நகருக்குக் கடிதம் எழுதி, காத்திருந்து, 1965இல் மார்மனாக ஞானஸ்நானம் பெற்றார். இங்கிருந்து ஒருவர் அங்கே எதையோ தேட, அங்கிருப்பவர்கள் இங்கே எதையோ தேடினார்கள். இருவருமே தேடியது பக்கத்து வீட்டில் இல்லாததைத்தான்.

தன்னிலை பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. மார்மன் இறையியலில் மனித அறிவுத்துவம் படைக்கப்படாதது, கடவுளைப் போலவே அநாதி. ஆவியும் ஒருவகைப் பருப்பொருள். கடவுளுக்கும் உடல் உண்டு. மனிதன் வளர்ந்து வளர்ந்து கடவுளாகலாம் என்று ஸ்மித் தான் கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன், 1844 ஏப்ரலில் பிரசங்கித்தார். உடலை இழிவாகப் பேசாத இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே 'நான்' கரைவதில்லை, நித்தியமாகப் பெருகுகிறது. 1978இல் ஜப்பானில் ஒரு ஜென் மடத்தில் சில நாள் தங்கிய ஃபூக்கோ, கிறிஸ்தவ ஆன்மிக உத்திகள் தனிமனிதனை மேலும் தனிமனிதனாக்குகின்றன, ஜென் அவனை மெலியவைக்கிறது என்ற பொருளில் ஒரு துறவியிடம் பேசினார். மார்மனியம் முதலாவதின் உச்சம். கணவன், மனைவி, பிள்ளைகள் ஆலயத்தில் நித்தியத்துக்கும் முத்திரையிடப்படுகிறார்கள். பரலோகத்தில் நம் குடும்ப மேசையில் ஒரு நாற்காலியும் காலியாக இருக்கக்கூடாது என்பது அங்கே புழங்கும் பேச்சு. மகன் சபையை விட்டுப்போன ஒரு தாய், காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறாள். அவளிடம் 'நான்' என்பதே தோற்றம் என்று சொல்வது கருணையா கொடுமையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

தாமஸ் மெக்கான்கி இந்த இடத்தில் முக்கியமானவர். பதின்மூன்று வயதில் சபையை விட்டு, பௌத்தத் தியானத்தில் பல வருடம் இருந்து, பிறகு சபைக்கே திரும்பியவர். 2023இல் வந்த 'அட்-ஒன்-மென்ட்' வரை அவர் எழுத்தில் உழைப்பும் நேர்மையும் இருக்கின்றன. 2015இல் வந்த அவருடைய முதல் நூல், மார்மன் விசுவாச நெருக்கடியை வளர்ச்சி உளவியலின் படிநிலைகளைக் கொண்டு விளக்குகிறது. குழுவோடு ஒத்துப்போகிறவர், நிபுணர், சாதிப்பவர், தனித்துவர், வியூகர் என்று மனிதப் பிரக்ஞை படிப்படியாக விரிகிறது. நெருக்கடி என்பது வீழ்ச்சியல்ல, அடுத்த படிக்குப் போகும் பிரசவவலி. சபையை விட்டுப்போக நினைத்துத் தவித்த பலருக்கு இது மூச்சுவிட இடம் கொடுத்திருக்கும்.

என் ஆட்சேபம் ஏணி மீது. ஏணி என்று வந்துவிட்டால் கோபம் ஒரு படியாகிவிடுகிறது. கேள்வி கேட்பவள் நடுப்படியில் நிற்கிறாள், வளர்ந்தபின் கேட்கமாட்டாள் என்றாகிறது. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் 1978 வரை மறுக்கப்பட்டதே என்று ஒருவர் கொதித்தால், அந்தக் கொதிப்பு வரலாற்றைப் பற்றியதாக இல்லாமல் கொதிப்பவரின் பிரக்ஞை மட்டத்தைப் பற்றியதாகத் திரிந்துபோகிறது. மெக்கான்கியின் நோக்கம் இதுவல்ல என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏணியைச் செய்தவன் ஒருவன், சாய்த்துவைப்பவன் இன்னொருவன். நமக்கு இது புதிதா என்ன? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாமும் படி கட்டியவர்கள்தானே. "அவனுக்கு இன்னும் பக்குவம் பத்தல" என்று சொல்லி எத்தனை வாயை அடைத்திருக்கிறோம். பக்குவம் என்பது பழத்துக்குச் சரி. கூலி கேட்டு நிற்பவனிடம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது அது ஆன்மிகச் சொல்லாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். மார்மன் ஜெபத்துக்கு முகவரி உண்டு. பரலோகப் பிதாவே என்று தொடங்கி, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஆமென் என்று முடியும். கடிதத்துக்குப் பெறுநர், அனுப்புநர் போல. ஆனால் அவர்கள் இறையியலில் பரலோகத்தில் தாயும் உண்டு. கடவுளுக்கு உடலும் குடும்பமும் இருந்தால் மனைவி இல்லாமலா? எலைசா ஸ்னோ 1845இல் எழுதிய பாடலொன்றில் அந்தத் தாய் வருகிறாள். அந்தப் பாடலைச் சபை இன்றும் பாடுகிறது. அவளைப் பாடலாம், அவளிடம் பேசக்கூடாது. சபைத் தலைமைக் குழுவில் இருந்த கார்டன் ஹிங்க்லி, பரலோகத் தாயிடம் ஜெபிப்பது முறையல்ல என்று 1991இல் பெண்கள் கூட்டத்திலேயே சொன்னார். அவளைப் பற்றி எழுதிய ஜானிஸ் ஆல்ரெட் 1995இல் சபைநீக்கம் செய்யப்பட்டார். 2015இல் சபையே அதிகாரபூர்வமாக ஒரு கட்டுரை வெளியிட்டு, தாய் உண்டு என்ற போதனையையும் அவளிடம் ஜெபிக்கலாகாது என்பதையும் ஒருசேர உறுதிசெய்தது. 2022இல் அப்போஸ்தலர் டேல் ரென்லண்ட் யூகங்கள் வேண்டாம் என்று மறுபடி எச்சரித்தார். இருக்கிறாள், ஆனால் அவளுக்குத் தபால் கிடையாது.

இப்போது ஒரு மார்மன் பெண் காலை ஐந்து மணிக்கு எழுந்து, யாரையும் விளிக்காமல், பிதாவே என்றும் சொல்லாமல், அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் யாரோடு இருக்கிறாள்? எந்த பிஷப் அதை விசாரிக்க முடியும்? வாய்திறந்த ஜெபத்தைக் கண்காணிக்கலாம், எழுதிய கட்டுரையைக் கோப்பில் வைக்கலாம். மௌனத்தில் முகவரி எழுதப்படாததால் தடைசெய்ய அங்கே பெயர் இல்லை. சமதமோ விபாசனையோ, பெயர் எதுவானாலும், அந்த அரைமணி நேரம் ஓர் இறையியல் நிகழ்வு. நிறுவனம் அமைதி என்று விற்றுக்கொடுத்த பொருளே, நிறுவனத்தின் விலக்கு எட்டாத ஓர் அறையாகவும் இருக்கிறது. இதை நான் எதிர்ப்பு என்று பெரிதாக்கவில்லை. அந்தப் பெண் எதையும் எதிர்க்காமலேயே இருக்கலாம். மௌனம் அவளைச் சபைக்கு ஏற்றவளாக்கலாம், ஆக்காமலும் போகலாம். அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் அதன்மீது எனக்குள்ள மரியாதை.

மௌனம் விதிக்கப்பட்டதாகவும் இருக்கலாம் என்பதற்கு லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன். 'டயலாக்' பத்திரிகையின் 1993 வசந்த இதழில், அறிவுஜீவிகளையும் பெண்ணியவாதிகளையும் சபைத் தலைமை நடத்திய விதத்தை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக, தேதி போட்டுப் பதிவு செய்தார். நாட்குறிப்பு எழுது, பதிவேடு பேணு என்று சொல்லி வளர்த்த சபையின் நல்ல மகள் அவர். பதிவு செய்ததற்காகவே அந்த செப்டம்பரில் நீக்கப்பட்டார். அந்த மாதம் நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் ஆறு பேர். 'செப்டம்பர் அறுவர்' என்று வரலாற்றில் அவர்களுக்குப் பெயர். லவினா சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. நீக்கப்பட்டவர் கூட்டத்தில் ஜெபிக்கக்கூடாது, சாட்சி சொல்லக்கூடாது, அப்பமும் தண்ணீரும் எடுக்கக்கூடாது. வாராவாரம் போனார், உட்கார்ந்தார், தட்டு வரும்போது எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தார். 2019இல் மறுஞானஸ்நானம் கேட்டார். உள்ளூர்த் தலைவர்கள் ஆதரித்தார்கள், உச்சத் தலைமை மறுத்துவிட்டது. அதன்பிறகும் போனார். 2023 அக்டோபரில் இறந்துபோனார்.

அவர் தியானம் செய்தாரா, பௌத்தம் படித்தாரா என்பது இங்கே விஷயமில்லை. முப்பது வருடம் ஒரு பெண் பேச அனுமதிக்கப்படாமல், கலையாமல், போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் எழுதிவைத்த பதிவுகளில் ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெறவில்லை. வளர்ச்சி ஏணியில் அவரை எந்தப் படியில் நிறுத்துவது என்று யோசித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். அம்மா கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தட்டை அவ கையாலதான் அடுத்த ஆளுக்குக் குடுத்தாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கை நெஞ்சுக்குப் போகவில்லை. மடியிலேயே இருந்தது.